இடப்பக்கம் திருப்பிய கிண்ணம்

தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. கொதிக்கட்டும், அவசரம் என்ன, என்று ஷிகுரே தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரும்புக் கெண்டியின் கீழே கரி சிவந்து கிடந்தது. அவளுக்கு வலப்புறம் குரோசே குலத்துப் பெரியவர்கள் அத்தனை பேரும் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர்கூட இருமவில்லை, பட்டு உரசும் சத்தம்கூட இல்லை. கணவர் போய், துக்கம் காக்கும் நாட்கள் நேற்றோடு முடிந்துவிட்டன. இன்று இந்தக் கோட்டைக்குப் புதுப் பிரபு. அவர் ஆசனம் ஏறுவதற்கு முன் மறைந்தவரின் மனைவி தன் கையாலேயே தேநீர் கலந்து தர வேண்டும், புதியவரும் தலைமை அமைச்சரும் ஒரே கிண்ணத்தில் அதைப் பகிர்ந்து குடிக்க வேண்டும், இந்தக் குலத்தில் அதுதான் வழக்கம். குடித்து முடித்ததும் எல்லோரும் தரையில் நெற்றி படக் கும்பிடுவார்கள், அதன் பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது. ஆகவே அவளுக்கு இருப்பது இந்தத் தண்ணீர் கொதித்து, தூள் கரைந்து, கிண்ணம் கை மாறும் நேரம் மட்டும்தான். அது போதும் என்று தோன்றியது அவளுக்கு. போதும் என்று தோன்றியதுமே அடிவயிற்றில் இதமான ஒரு சூடு பரவியது. பயமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து உற்றுக் கவனித்தாள், பயம் இல்லை, சந்தோஷம். விதவைக்குரிய சாம்பல் நிற உடைக்குள், குனிந்த தலையோடு, கொள்ளைச் சந்தோஷம். வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

உதடு. எல்லாம் உதட்டில்தான் தொடங்கியது. மேப்பிள் இலைகள் சிவந்திருந்த அந்த மத்தியானம், தோட்டத்துத் தேநீர் அறையில் நான்கே பேர். கணவர் நாரிதகா, அவள், அவருடைய மாற்றாந்தாய் மகனான தம்பி தொகிசதா, தலைமை அமைச்சர் முனேசிகா. தம்பி புதுக் கிண்ணம் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்திருந்தான், கறுப்பு நிறம், முகப்பில் மட்டும் தேன் வழிந்தது போலப் பழுப்பு வழிசல். முனேசிகா தன் கையாலேயே தேநீர் கலந்தார், அந்தக் கலையில் அவருக்கு நல்ல பெயர். கெட்டியான பச்சைத் தேநீர், எல்லோருக்கும் ஒரே கிண்ணம். முதலில் கணவர் குடித்தார், வாய் வைத்த இடத்தைத் தாளால் துடைத்து அவளிடம் கொடுத்தார், அவள் குடித்தாள், பிறகு தம்பி, கடைசியில் அமைச்சர். நன்றாக இருந்தது, கொஞ்சம் கசப்பு, பின்னாலேயே ஒரு இனிப்பு. திரும்பி நடந்து வரும்போது கணவர் சிரித்துக்கொண்டே, "உதடு மரத்துப்போன மாதிரி இருக்கிறது, குளிர் சீக்கிரமே வந்துவிட்டது போல" என்றார். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தோம் என்று அதன் பிறகு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டுவிட்டாள், இப்போதும் கெண்டியின் முணுமுணுப்பில் அந்தக் கேள்வி வந்து முட்டியது, போ, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா என்று அதைத் தள்ளி விட்டாள். பொழுது சாய்வதற்குள் அவர் கை கால் மரத்து, மூச்சு திணறி, அவள் மடியிலேயே போய்விட்டார். வைத்தியர் வந்து இதயம் நின்றுவிட்டது என்றார். இதயம் நின்றால்தானே எல்லோரும் சாகிறார்கள், அதைச் சொல்ல ஒரு வைத்தியரா. ஆனால் அப்போது அப்படி நினைக்கத் தெரியவில்லை. திரைக்குப் பின்னால் அவரைக் கிடத்தியிருந்தபோது, தாதிகள் வெந்நீர் எடுக்கப் போன இடைவெளியில், யாரும் பார்க்காத அந்தக் கொஞ்ச நேரத்தில், அவள் குனிந்து அவர் வாயில் முத்தமிட்டாள். பிரபுவின் மனைவி செய்யக்கூடாத காரியம். செய்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் உதடும் மரத்துப்போனது. முதலில் ஒரு எறும்பு ஊர்வது போல, பிறகு அந்த இடமே தன்னுடையது இல்லை என்பது போல. துக்கம் என்று நினைத்தாள். துக்கம் இப்படியெல்லாம் உடம்பில் இறங்கும் போலிருக்கிறது என்று நினைத்து அதையும் ஒரு சொத்துப் போல யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

கெண்டியில் சின்னக் குமிழிகள் எழுந்தன. அவள் துணியை மடித்தாள், அவிழ்த்தாள், மீண்டும் மடித்தாள், சடங்கில் அதற்கு இடம் உண்டு, கை தானாகச் செய்தது. நேர் எதிரே முதல் இருக்கையில் தொகிசதா. புதுப் பட்டாடைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தான் அவன், பாவம், கழுத்துப் பட்டை இறுக்கம் போல, அடிக்கடி விரல் விட்டுத் தளர்த்தினான். பாவமா? பாவம்தானா? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் இன்றைக்கு இவ்வளவும். கிண்ணம் கொண்டுவந்தவன் அவன், தேநீர் கலந்தவர் முனேசிகா, இரண்டு பேரில் ஒருவர், அல்லது இருவரும். அவனுக்கு அடுத்து முனேசிகா, நரைத்த குடுமியைப் படிய வாரி, பாதி மூடிய கண்களோடு, நல்லவர்கள் தூங்குவது போன்ற முகத்தோடு. அவருக்கு அப்பால் மியோ, கணவரின் முதல் மனைவியின் மகள். போன குளிர்காலத்தில் மலைக் கோட்டையைப் பகைவர்கள் சூழ்ந்துகொண்டபோது, படைத்தலைவன் விழுந்த பிறகு தானே வில்லெடுத்து நின்று, பனி உருகும் வரைக்கும் அதைக் காப்பாற்றிக் கொடுத்தவள். கன்னத்தில் அதன் தழும்பு. அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் நாரிதகா முடிவு செய்தார், இந்தக் குலத்துக்கு எனக்குப் பின் மியோதான் என்று. அதை அவர் இரண்டே பேரிடம்தான் சொன்னார். ஒன்று மனைவியிடம், இன்னொன்று தலைமை அமைச்சரிடம். மேப்பிள் விருந்துக்கு மறுநாள் அவையில் அறிவிப்பதாக இருந்தார். மறுநாள் அவருக்கு இல்லாமல் போனது.

இரண்டே பேரிடம் என்றால் முனேசிகாதானே, இன்னும் என்ன சந்தேகம் என்று அவள் மனம் மறுபடி அந்த முள்ளில் வந்து மாட்டியது, மாட்டிக்கொண்டு சுற்றியது. ஆனால் முனேசிகா தம்பியிடம் சொல்லியிருக்கலாம். தம்பிக்குக் குடிப்பதிலும் பருந்து வளர்ப்பதிலும் தவிர வேறு எதிலும் ஆசை கிடையாது என்று ஊரே சொல்லும். ஆசை இல்லாத மனிதன் உண்டா? அண்ணன் நிழலில் இருபது முப்பது வருடம் இருந்தவன் மனதில் என்னதான் இருக்காது? சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினானே, அண்ணா உங்களுக்காகவே சுட்டது என்று. அந்தச் சிரிப்பை ராத்திரி பகலாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள், ஒரு சமயம் குழந்தைச் சிரிப்பாக இருக்கும், ஒரு சமயம் ஓநாய்ச் சிரிப்பாக இருக்கும். யாரிடம் போய்க் கேட்பது? விஷம் என்று வாயெடுத்தாலே முனேசிகாவிடம் பதில் தயாராக இருந்தது. பிரபு இறந்த மறுநாளே அவையில் யாரோ ஒரு பெரியவர் தயங்கித் தயங்கிச் சந்தேகத்தைக் கிளப்பியபோது முனேசிகா கோபப்படக்கூட இல்லை. அவள் பக்கம் திரும்பித் தலை வணங்கிவிட்டு, "தேவியாரும் அதே கிண்ணத்தில்தான் குடித்தார்கள். தேவியார் நலமாக நம் முன்னே இருக்கிறார்கள்" என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். உயிரோடு இருந்ததற்காக வெட்கப்பட்டாள் அவள். அன்றிலிருந்து தான் விடும் ஒவ்வொரு மூச்சும் அந்த ஆளுக்கு ஆதரவாகச் சாட்சி சொல்வது போல இருந்தது, சாப்பிட்டால் சாட்சி, தூங்கினால் சாட்சி. மியோவின் பார்வையும் அன்றிலிருந்து மாறியது. மாற்றாந்தாய், அவள்தான் அருகில் இருந்தவள், அவள்தான் பிழைத்தவள். அந்தப் பெண் அப்படி நினைத்ததில் தப்பு இல்லை. அவள் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

தண்ணீர் கொதித்துவிட்டது. மூங்கில் அகப்பையால் மொண்டு கிண்ணத்தில் ஊற்றிச் சூடேற்றி, அந்த நீரைக் கொட்டினாள். கறுப்புக் கிண்ணம், பழுப்பு வழிசல். அதை அவள் வெளியே எடுத்தபோதே வரிசையில் ஒரு சலனம் ஓடியது, யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். இந்தக் கிண்ணத்தின் ரகசியத்தை உணர்ந்தது எப்படி என்று நினைத்தால் இப்போதும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. துக்கக் காலத்தில் ஒருநாள் காலை தனியாகத் தேநீர் கலந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நினைவு தாங்க முடியாமல், அவரைப் போலவே குடிக்கலாம் என்று தோன்றியது. கிண்ணத்தை வாங்கினால் எல்லோரும் அதை வலப்பக்கமாகத் திருப்பிக் குடிப்பார்கள், முகப்பில் வாய் வைக்கக் கூடாது என்று மரியாதைக்காக. அவரால் அப்படி முடியாது. இளவயதில் வலது தோளில் அம்பு பாய்ந்து எலும்பு நொறுங்கிப்போனதால் இடது கையால்தான் எல்லாம், கிண்ணத்தையும் இடப்பக்கமாகத்தான் திருப்புவார். கலியாணமான புதிதில் அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும். அன்று காலை அவளும் அதே போல இடது கையால் இடப்பக்கமாகத் திருப்பினாள், வாயருகே கொண்டுபோனாள், கை அப்படியே நின்றுவிட்டது. வலப்பக்கம் திருப்புகிறவர்கள் வாய் வைப்பது விளிம்பின் ஒரு பக்கத்தில். இடப்பக்கம் திருப்புகிறவர் வாய் வைப்பது அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில். ஒரே கிண்ணம்தான். ஒரே தேநீர்தான். ஆனால் அவர் உதடு பட்ட இடத்தில் வேறு யார் உதடும் பட வாய்ப்பே இல்லை. அந்த விளிம்பில் மட்டும் ஏதோ ஒரு வேரை அரைத்துத் தடவி வைத்தால் போதும், மற்ற மூவரும் நிம்மதியாகக் குடித்துவிட்டு அவருடைய சாவுக்குச் சாட்சியாக இருந்துகொள்ளலாம். அந்த நிமிடம் அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து நின்றாள். அறைக்குள் இங்குமங்கும் நடந்தாள். துக்கம் என்று பொத்தி வைத்திருந்த மரப்பு துக்கமே இல்லை, அவர் தன் உதட்டிலிருந்து அவள் உதட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போன சேதி அது.

பச்சைத் தூளை மூங்கில் கரண்டியால் அள்ளிப் போட்டாள். வெந்நீர் கொஞ்சம். கடைகோலை எடுத்து மெதுவாகப் பிசைவது போலக் கலக்கினாள், கெட்டித் தேநீரை அடிக்கக் கூடாது, பொறுமையாகக் குழைக்க வேண்டும். ஒருவேளை இரண்டு பேரும் அசையாமல் குடித்துவிட்டால்? அந்தப் பயம் வந்தது, வரட்டும், எதிர்பார்த்ததுதான். இருவரும் குடித்துவிட்டால் தொகிசதா பிரபு, முனேசிகா அவனுக்குப் பின்னால் இருந்து ஆட்டுவிக்கும் கை, மியோவைத் தூரத்து நாட்டுக் கிழவன் எவனுக்காவது கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஷிகுரே தலையை மழித்து ஏதாவது மடத்தில் மணி அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதையும் நினைத்துப் பார்த்திருந்தாள். மணியடிக்கும் அந்தப் பெண் தன்னைப் போல இல்லை, அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடிக்கவில்லை. கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் பலமுறை அலசி, நேற்றுத் தானே அந்த விளிம்பில் வாய் வைத்துக் குடித்துப் பார்த்துவிட்டாள். எறும்பு ஊரவில்லை, ஒன்றும் இல்லை. இன்று இந்தக் கிண்ணத்தால் யாரும் சாக மாட்டார்கள். அது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். ஆகா, ஒருவருக்கும் தெரியாததைத் தெரிந்துவைத்திருப்பதில் எவ்வளவு பலம். இத்தனை நாளும் அந்தப் பலத்தை அனுபவித்துக்கொண்டிருந்தவன் இவர்களில் ஒருவன்தானே, இன்று என் முறை. தேநீர் பளபளவென்று திரண்டு வந்தது, மழைக்குப் பின் பாசி போல. ஒரு சொட்டும் சிந்தாமல் கடைகோலை எடுத்து வைத்தாள். அதைக் கவனித்தபோது தன் கையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, முழங்காலில் நகர்ந்து போய்த் தொகிசதாவின் முன்னால் வைத்தாள். வழக்கத்தில் இல்லாததுதான், இருந்தாலும் பேசினாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை. இது அவர் கடைசியாகக் குடித்த கிண்ணம் என்றாள். அவர் உதடு பட்ட விளிம்பைக் கழுவ மனம் வரவில்லை, அப்படியே பெட்டியில் வைத்திருந்தேன், பெண்புத்தி, பெரியவர்கள் மன்னிக்க வேண்டும் என்றாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா. பிறகு தொகிசதாவைப் பார்த்து, "ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று ஒருநாள் உங்கள் அண்ணாவைப் போல இடப்பக்கம் திருப்பிக் குடியுங்கள்" என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. அந்த நேரத்தில் மண்டபத்தின் கூரை, தூண்கள், பெரியவர்கள், வெளியே கரையும் காக்கை, எல்லாமே அந்த இரண்டு கண்களுக்குள் வந்து நின்றுவிட்டதாகத் தோன்றியது அவளுக்கு, தயங்குகிறானா, ஏன் தயங்குகிறான், தெரிந்த தயக்கமா, குற்றம் செய்த தயக்கமா. "அண்ணி, அவர் எப்படித் திருப்புவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அவரைப் போலச் செய்து காட்டி உதை வாங்கியிருக்கிறேன்" என்றான். சொல்லும்போதே அவன் உதடு கோணியது, அழுகையை அடக்குகிறான், அடக்கத் தெரியவில்லை. இடது கையால் கிண்ணத்தை எடுத்தான். இடப்பக்கம் திருப்பினான். வாயருகே கொண்டுபோனான், கொஞ்சம்கூடப் பயமில்லாமல், தாகமெடுத்த பிள்ளை மாதிரி. ஷிகுரேவுக்கு மார்பில் ஏதோ உடைந்து இளகியது. இவன் இல்லை, இவன் இல்லவே இல்லை, குழந்தைச் சிரிப்புதான் அது. அப்படியானால்.

அப்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. வயதான, சுத்தமான, நகம் வெட்டிய கை. முனேசிகாவின் கண்கள் அப்போதும் பாதி மூடித்தான் இருந்தன, முகத்தில் அசைவே இல்லை. மூளை யோசிப்பதற்கு முன்பே கை யோசித்துவிட்டது. அந்தக் கை தொகிசதாவின் விரல்களின் மேல் படிந்து, கிண்ணத்தை அரை வட்டம் சுழற்றி மறுபக்கத்தை அவன் வாய்க்கு நேரே கொண்டுவந்தது. "பிரபு, இந்தப் பக்கம்" என்றார் மெல்ல, தவறு செய்யும் மாணவனுக்கு ஒழுங்கு சொல்வது போல. சொல்லி முடித்த பிறகுதான் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். எடுக்க நினைத்தார், எடுக்க முடியவில்லை. இத்தனை பாடுபட்டு ஆசனம் வரைக்கும் கொண்டுவந்த மனிதன், இவன் செத்தால் எல்லாமே போயிற்றே, தன் ஆள் தன் விஷத்திலேயே சாவதை எந்தக் கைதான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்? ஷிகுரேவுக்கு உள்ளே ஒரு முரசு ஒலித்தது. சொல், இப்போது சொல், நிதானமாகச் சொல்.

"ஏன் அமைச்சரே? அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது?"

கழுவாத கிண்ணம், தூசி இருக்கும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார் முனேசிகா. தூசி என்றால் உள்ளேயும் இருக்குமே, தேநீர் முழுக்க இருக்குமே, விளிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் உட்காருகிற தூசி எது என்று அவள் கேட்டாள். அன்று சந்தேகம் கிளப்பிய பெரியவர் இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்து நின்றதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். இத்தனை நாள் நெஞ்சில் கட்டி வைத்திருந்ததெல்லாம் வரிசை பிசகாமல், தடுமாறாமல் வந்தது அவளுக்கு. நொறுங்கிய தோள், இடப்பக்கத் திருப்பம், மரத்த உதடு, தனக்குப் பின் மியோதான் என்று அவர் சொன்ன சொல் எல்லாவற்றையும் சொன்னாள். முத்தத்தையும் சொன்னாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில், இறந்த கணவரின் வாயில் முத்தமிட்டேன், என் உதடும் மரத்தது என்று வெட்கமே இல்லாமல் சொன்னாள், அவர்களில் சிலர்தான் வெட்கப்பட்டுக் குனிந்தார்கள். பிறகு தொகிசதாவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள், முனேசிகா திருப்பியதை மறுபடியும் இடப்பக்கமாகத் திருப்பி, எந்த விளிம்பை அவர் அஞ்சினாரோ அதே விளிம்பில் வாய் வைத்து, ஒரு மிடறு குடித்தாள். கசப்பு, பின்னாலேயே இனிப்பு. "நான் கழுவிய கிண்ணம் இது. உங்களுக்கு மட்டும்தான் இதில் விஷம் தெரிந்தது" என்றாள்.

முனேசிகா எதிர்க்கவில்லை. எதிர்ப்பார், கத்துவார், வாளை எடுப்பார் என்றெல்லாம் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஒரே நாளில் பத்து வயது கூடியவர் போலக் குறுகிப்போனார், குறுவாளை இடுப்பிலிருந்து உருவித் தன் முன்னால் பாயில் வைத்தார், வைத்த விதத்தில்கூட ஒரு நேர்த்தி இருந்தது, அதற்காக அவரை ஒரு கணம் மதிக்கக்கூடத் தோன்றியது அவளுக்கு, மறுகணமே தோன்றவில்லை. காவலர்கள் வந்து அழைத்துப் போனார்கள். தொகிசதா வெகுநேரம் தன் வெறும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிண்ணத்தை நான்தானே கொண்டுவந்தேன் என்று இரண்டு முறை சொன்னான். பிறகு ஏதோ தோன்றியவனாகப் பின்னால் நகர்ந்தான், முதல் இருக்கையை விட்டு, இரண்டாவதையும் விட்டு, மியோவுக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினான். எனக்குப் பருந்துகள் போதும் என்றான். யாராவது சிரிப்பார்களோ என்று பார்த்தாள் ஷிகுரே, யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தலையாகக் குனிந்தது, நெல் வயலில் காற்று போவது போல, வரிசை வரிசையாக, கடைசிப் பெரியவர் வரைக்கும்.

மியோ எழுந்து அவளிடம் வந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அந்தத் தழும்பை ஷிகுரே பார்த்ததில்லை, வளைந்து மெல்லியதாக இருந்தது, அழகாகக்கூட இருந்தது. நான் உங்களைத் தவறாக நினைத்தேன் என்றாள் மியோ. தெரியும், நல்ல காரியம் செய்தாய், இனியும் எல்லோரையும் அப்படியே சந்தேகப்படு, என்னையும் சேர்த்து என்றாள் ஷிகுரே. பெண்ணின் முகத்தில் முதல்முறையாக அப்பாவின் சாயல் தெரிந்தது, அந்த ஒரு பக்கம் மட்டும் இழுபடும் புன்னகை. மியோ ஆசனத்தில் அமர்ந்தாள். அமர்ந்தவள் உடனே முன்னால் குனிந்து, ஷிகுரேவுக்கு மட்டும் கேட்கும்படி, முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள், மலைக் கோட்டையைக் காத்தவள், பகைவர் நடுவில் தூங்கிப் பழகியவள், பாய் விரித்த ஒரு மண்டபத்தைப் பார்த்துப் பயந்துபோய். ஷிகுரே தயங்கவே இல்லை. "தெற்கு வாயில் காவலர் அத்தனை பேரும் முனேசிகாவின் ஆட்கள். மத்தியானத்துக்குள் மாற்று. பிறகு எல்லோருக்கும் சாப்பாடு போடச் சொல், எனக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் தனக்கு எவ்வளவு பசிக்கிறது என்று தெரிந்தது, நாட்கணக்கான பசி, சோறும் ஊறுகாயும் பொரித்த மீனும் தட்டுத் தட்டாக வேண்டும் என்கிற பசி, அது தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அந்த மண்டபத்தில், அத்தனை பெரியவர்கள் முன்னிலையில், கைத்துணியால் வாயை மறைக்காமல், தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துக்கொண்டு அவள் சிரித்தாள். அது தூண்களில் பட்டு, கூரைக்கு ஏறி, திறந்திருந்த கதவு வழியாக முற்றத்துக்குப் போனது. அங்கே காத்துக்கொண்டிருந்த வீரர்கள் என்ன ஏதென்று தெரியாமலே தாங்களும் ஆரவாரம் செய்யத் தொடங்கினார்கள்.